டியூஷனா, கேம்ப்பா, அம்மாச்சி வீடா?

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம். ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்த என் பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். 816-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும். எட்டில் எட்டு ஒரு தடவை என்று மேலே 1 போட்டான். அடுத்த 1-ஐக் கீழே இறக்கினான். “ஒண்ணுல எட்டு போகாது” என்று சரியாகவே சொல்லிக்கொண்டு, பக்கத்தில் இருந்த 6-ஐயும் இறக்கிப் பதினாறாக்கி, மேலே 2 போட்டான். ஈவு 12, மீதி இல்லை. நோட்டை மூடிவிட்டான். நடுவில் வரவேண்டிய பூஜ்யம் எங்கேயோ விழுந்துவிட்டது. ஏப்ரலில் இதே மாதிரிக் கணக்குகளைத் தப்பில்லாமல் போட்டவன்தான்.

நடுவில் முழுப் பரீட்சை லீவு. அந்த ஆறு வாரத்தில் அவன் பென்சிலைத் தொட்டது கிரிக்கெட் ஸ்கோர் எழுதுவதற்கு மட்டும்.

அப்போதிருந்து ஒவ்வொரு மார்ச் மாதமும் எங்கள் வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. நாங்கள் இருப்பது திருச்சியில். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் பங்குனி வெயிலோடு விளம்பரங்களும் வந்துவிடும்: அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ரோபோட்டிக்ஸ், ஹிந்தி, செஸ், ‘அடுத்த வகுப்பு போர்ஷன் இப்போதே’. எதில் சேர்ப்பது, எதிலும் சேர்க்காமல் விடலாமா என்று நானும் கணவரும் ஒரு பழைய டைரியில் எழுதி எழுதி அடித்திருக்கிறோம். பெண் ஒன்று, பையன் ஒன்று. இரண்டு கோடையில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. என் தீர்ப்பில் கொஞ்சம் சாய்வு இருக்கும்.

எது மறக்கிறது?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை, அதனால்தான் முதல் வருடம் பணம் போனது.

கோடையில் படிப்பு மறந்துபோவதைப் பற்றி அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஹாரிஸ் கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதுவரை வந்த 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோடைக்குப் பிறகு மதிப்பெண், சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்கு இறங்குகிறது என்றார்கள். அந்த அளவு சரிதானா, ஏழைப் பிள்ளைகளுக்கும் வசதியானவர்களுக்கும் இடையிலான இடைவெளி உண்மையில் கோடையில்தான் கூடுகிறதா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். தவிர, அங்கே விடுமுறை இரண்டரை மாதம்வரை போகும். நம் ஊரில் ஆறு வாரம், வெயில் கொளுத்தினால் இன்னும் சில நாள். 2024-ல் ஜூன் 6 என்று சொல்லியிருந்த திறப்பு 10-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது நினைவிருக்கலாம்.

ஆகவே ‘ஒரு மாதம்’ என்ற அளவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அந்தக் கட்டுரையில் எனக்கு உதவியது வேறு ஒரு விஷயம்: அதிகம் மறந்துபோவது கூட்டல், கழித்தல், வகுத்தல் போன்ற கணக்குப் போடும் பழக்கமும் எழுத்துக்கூட்டலும். திரும்பத் திரும்பக் கை செய்தால்தான் இவை நிற்கும். வீட்டில் கதைப் புத்தகம் இருந்தால் வாசிப்பு அவ்வளவாகக் கெடுவதில்லை, சில பிள்ளைகளுக்குக் கூடவே செய்கிறது.

பள்ளி நெடுநாள் மூடிக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை கொரோனா காலத்தில் இந்தியாவிலேயே பார்த்தார்கள். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில், இரண்டாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை, 16,067 பிள்ளைகளிடம் பார்த்தது. 92 சதவீதம் பேர் முந்தைய வருடம் தெரிந்த ஒரு மொழித் திறனையாவது இழந்திருந்தார்கள். கணக்கில் அது 82 சதவீதம். அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை, ஆறு வார லீவை அதோடு ஒப்பிடவும் கூடாது. ஆனால் புதுப் பாடம் நின்றுபோவது ஒரு பக்கம், ஏற்கெனவே தெரிந்தது கைவிட்டுப் போவது இன்னொரு பக்கம் என்று அதில்தான் எனக்குப் பிரிந்து தெரிந்தது. லீவில் நாம் கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்.

சரி, இந்தக் கண்ணோடு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

முன்கூட்டியே போர்ஷன்

பூஜ்யம் தொலைந்த அடுத்த கோடையில் பதறிப்போய் பையனை டியூஷனில் சேர்த்தோம். மாதம் 1,200 ரூபாய், காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு. ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் மூன்று பாடத்தை முடித்துத் தருவதாகச் சொன்னார்கள், முடித்தும் தந்தார்கள். மே மாதம் முதல் மூன்று வாரம் அவன் அங்கே போய்வந்தான்.

ஜூனில் பள்ளி அதே மூன்று பாடத்தை மறுபடி நடத்தியது. “எனக்குத்தான் தெரியுமே” என்று பின்பெஞ்சில் படம் வரைந்துகொண்டிருந்திருக்கிறான். ஜூலையில் டெஸ்ட் வந்தபோது ‘தெரியுமே’ என்றது பாதிதான் தெரிந்திருந்தது. வகுத்தலை அந்த மூன்று வாரத்தில் ஒருவரும் தொடவில்லை, ஏனென்றால் அது அடுத்த வருடப் போர்ஷனில் இல்லை. ஓட்டை இருந்த இடம் ஒன்று, நாங்கள் சாந்து பூசிய இடம் வேறு.

டியூஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஐந்தாவது வரை தமிழ்வழி, ஆறாவதில் ஆங்கிலவழிக்கு மாறினாள். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு மாதம் உட்கார்த்திவைத்து, கணக்கிலும் அறிவியலிலும் வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் பழக்கினார். அது அவளுக்குப் பெரிய உதவி. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் குழந்தைக்கும் அப்படித்தான், தனியாக ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். முப்பது பேர் உட்காரும் சென்டரில் அது நடக்காது. 2021 அக்டோபரில் அரசு ஆரம்பித்த ‘இல்லம் தேடிக் கல்வி’யில் நான் மெச்சியது அதைத்தான். தெருவில் இருக்கும், பிள்ளையின் பெயர் தெரிந்த ஒரு தன்னார்வலர், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை.

பத்தாவது, பன்னிரண்டாவது போகிறவர்கள் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். இன்னொன்று: விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை வருடாவருடம் பள்ளிகளுக்குச் சொல்கிறது. ‘ஓரியண்டேஷன்’, ‘ஃபவுண்டேஷன்’ என்று பெயர் மாற்றி நடத்துகிறவர்களும் வருடாவருடம் இருக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வேனுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கேம்ப்

கேம்ப் என்றால் இரண்டு ரகம். ஒன்று பத்து நாள், எல்லாம் கலந்தது. பானையில் பெயிண்டிங், அடுப்பில்லாச் சமையல், கொஞ்சம் ரோபோட், கடைசி நாள் மேடையில் ஒரு டான்ஸ், கையில் சான்றிதழ். பெண்ணை ஒரு வருடம் அனுப்பினோம், 3,500 ரூபாய். ஜாலியாகத்தான் இருந்தாள். அந்தப் பானை இன்னும் பால்கனியில் இருக்கிறது. வேறு ஒன்றும் மிஞ்சவில்லை, மிஞ்ச வேண்டும் என்று எதிர்பார்த்தது எங்கள் தப்பு. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், பகலில் பிள்ளை பத்திரமாக இருக்க ஒரு இடம் என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பணம் நியாயம்தான்.

இன்னொரு ரகம், ஒரே ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்லித்தருவது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடையில் மாவட்ட விளையாட்டரங்கங்களில் பயிற்சி முகாம் வைக்கும். திருச்சியில் அது அண்ணா விளையாட்டரங்கம். அறிவிப்பு ஏப்ரலில் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் சின்னதாக வரும், கண்ணை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெண் ஒன்பதாவது போகும் முன் நீச்சல் கற்றுக்கொண்டாள். அது இந்த ஜென்மத்துக்கு மறக்காது. பாட்டு, பரதம், ஓவியம் என்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, ஐந்து முதல் பதினாறு வயது வரை சேர்க்கிறார்கள். தனியார் வகுப்புகளோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை. இவ்வளவு பெற்றோர் இருக்கும் எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நீச்சலால் வகுத்தல் வராது. ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குப் போகும்போது அவள் நிமிர்ந்து போனாள். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

போன்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. நம் பாடநூல்களிலேயே க்யூஆர் குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள், ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சரக்கு இருக்கிறது, குறையே இல்லை.

பிரச்சினை, வீடியோ பார்த்தால் புரிந்த மாதிரி இருப்பது. பையன் வகுத்தல் வீடியோவை ஒன்றரை வேகத்தில் பார்த்துவிட்டு “புரிஞ்சிருச்சு” என்றான். நோட்டைக் கொடுத்தேன். அதே பூஜ்யம், அதே இடத்தில் காணோம். குறிப்பிட்ட ஒரு சந்தேகத்துக்கு, பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்து, பார்த்த உடனே ஒரு கணக்குப் போடவைத்தால் போன் நல்ல ஆசிரியர். ‘போன்ல படிக்கிறான்’ என்று விட்டால் அரை மணியில் அது கிரிக்கெட் ஹைலைட்ஸாகிவிடும். மாதாமாதம் பணம் கட்டும் ஆப்கள் எதையும் நாங்கள் வாங்கவில்லை. இலவசமாக இருப்பதையே தீர்க்க முடியாதபோது அது எதற்கு?

அம்மாச்சி வீடு

துறையூர் பக்கம் என் அம்மாவுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை இருக்கிறது. மூன்று வாரம் டியூஷன் முடிந்த கையோடு, மே கடைசியில் பையனைப் பதினைந்து நாளுக்கு அங்கே கொண்டுபோய் விட்டோம். படிக்கவைக்கும் எண்ணமெல்லாம் இல்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, யாரோ முக்கால் கிலோ துவரம் பருப்பு கேட்டிருக்கிறார்கள். கிலோ 160 ரூபாய். இவன் பழைய பேப்பரைத் தேடி எடுத்து 160 பெருக்கல் 750 என்று ஆரம்பித்திருக்கிறான், பிறகு ஆயிரத்தால் வகுக்க வேண்டுமாம். அதற்குள் அம்மா பொட்டலம் கட்டி முடித்துவிட்டார். “அரைக் கிலோ எம்பது. கால் கிலோ நாப்பது. நூத்தி இருவது. இதுக்கு எதுக்கு சாமி பேப்பரு?” கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசில் விலையைத் தட்டினால் மொத்தமும் காட்டும். அம்மா அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. ஒன்றாம் வகுப்போடு நின்றவர் அவர்.

நான் அழைத்துவரப் போனபோது அவன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். ஒருவர் 200 ரூபாய் நோட்டு கொடுத்தார், சரக்கு 120. இவன் கழிக்கவில்லை. பத்து ரூபாயை வைத்து “நூத்தி முப்பது”, இருபதை வைத்து “நூத்தி அம்பது”, ஐம்பதை வைத்து “இருநூறு” என்று எண்ணிக் கொடுத்தான். கழித்தலைக் கூட்டலாக மாற்றுவது. கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. பள்ளியில் அவனுக்கு இதைச் சொல்லித்தந்தார்களோ என்னவோ, கைக்கு வந்தது கல்லாவில்தான்.

ஊருக்குத் திரும்பிவந்து ஒரு நாள் சும்மா கேட்டேன், 816-ஐ எட்டுப் பேருக்குப் பிரித்தால் எவ்வளவு? “எண்ணூறுக்கு நூறு, பதினாறுக்கு ரெண்டு. நூத்தி ரெண்டு.” பென்சிலே இல்லை. எழுதிப் போடச் சொன்னால் அப்போதும் சில தடவை பூஜ்யத்தை விட்டான். ஆனால் 12 என்று வந்தவுடன் அவனே நிறுத்தி, “எண்ணூத்திச் சொச்சத்துல ஆளுக்குப் பன்னெண்டா?” என்று அழித்தான். எனக்கு அது போதும்.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்ல வேண்டும். கடைக்கு வாங்க வேண்டிய சரக்குப் பட்டியலை அவன் எழுதி வைத்திருந்தான். ‘வெள்ளம் 5 கிலோ’. அம்மாவுக்கு வெல்லம் வந்தால் சரி, எழுத்தைப் பற்றிக் கவலை இல்லை. ‘உளுந்து’ ‘உலுந்து’ ஆகியிருந்தது. லகரமும் ளகரமும் ஒரே குடும்பமாகிவிட்டன. ஊர் கணக்கைத் தந்தது, எழுத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டது.

எல்லாருடைய ஊரிலும் கடை இருக்காது. நிறைய வீடுகளில் தாத்தா பாட்டிக்கு முடியவில்லை, பிள்ளை காலையிலிருந்து இரவு வரை டிவி முன்னால்தான். அதை ‘இயற்கையோடு வளர்கிறான்’ என்று நாம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். கிணறு, குளம், காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய பள்ளங்கள். ஒவ்வொரு மே மாதமும் லீவுக்கு வந்த பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராமல் இருப்பதில்லை. உள்ளூர்ப் பிள்ளைக்கு எங்கே ஆழம் என்று தெரியும், நம் பிள்ளைக்குத் தெரியாது. பையனை ஊரில் விடுவதற்கு முன் அவனையும் நீச்சல் பழக அனுப்பியிருக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்துவிட்டோம்.

அரை மணி நேரம்

வீட்டில் நாங்களே தினமும் கொஞ்சம் பார்ப்பது. சொல்வது சுலபம். வேலைக்குப் போய்வந்து ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளையோடு உட்கார்ந்தால் கடைசியில் இரண்டு பேரும் கத்திக்கொண்டுதான் எழுந்திருப்போம். காலையில் டிபனுக்கு முன்னால் என்று மாற்றியதும் நின்றுபோனது அந்தச் சண்டை.

எங்களுக்குச் சரிப்பட்டுவந்தது இவ்வளவுதான். லீவின் முதல் இரண்டு வாரம் எதுவும் கிடையாது, நிஜமாகவே கிடையாது. அதற்கப்புறம் வாரத்தில் ஐந்து நாள், அரை மணி. முடித்த வகுப்பின் புத்தகத்திலிருந்து ஐந்து கணக்கு. ஐந்தும் ஐந்து விதமாக இருக்க வேண்டும்: ஒரு வகுத்தல், ஒரு பின்னம், ஒரு அளவை, இப்படி. ஒரே மாதிரி ஐந்து கொடுத்தால் முதலாவதைப் பார்த்து மற்றதை ஓட்டிவிடுவார்கள். எந்த முறை என்று யோசிக்கவைப்பதில்தான் பாதி வேலை. பிறகு அரைப் பக்கம் எழுத்து. கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் மூஞ்சி தொங்கும். பெண் அம்மாச்சிக்கு அஞ்சலட்டை எழுதினாள். அஞ்சலகத்தில் கேட்டு வாங்க ஐம்பது பைசாதான், தபால்காரரே ஆச்சரியப்பட்டாராம். எழுத்துப் பிழைக்கு அம்மா ஒன்றும் சொல்லமாட்டார், பக்கத்து வீட்டு அக்காதான் சத்தமாகப் படித்துக் காட்டுவார் என்று தெரிந்ததும் அவளே சரிபார்த்து எழுத ஆரம்பித்தாள்.

வாசிப்புக்கு நூலகம். திருச்சி மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், மதுரைக்காரர்கள் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் வைத்துக்கொண்டு லீவுக்கு என்ன செய்வது என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். ஏசி வேறு. கிளை நூலகம் என்றால் முன்னே பின்னே இருக்கும், நூலகரைப் பொறுத்தது. பிள்ளை எடுக்கும் புத்தகத்தை எடுக்கவிடுங்கள். என் பையன் ஒரு மாதம் முழுக்கப் பேய்க் கதை மட்டும் படித்தான். ‘வெள்ளம்’ எங்கே ‘வெல்லம்’ எங்கே என்று அவனுக்குத் தெரிந்தது அதற்கப்புறம்தான், நான் திருத்தியதால் அல்ல.

செலவு பேருந்துக் கட்டணம். ஆனால் இதற்கு வேண்டியது பெற்றோரின் காலை அரை மணி, அது எல்லா வீட்டிலும் கிடைக்காது. இரவுப் பணிக்குப் போகும் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் வீட்டில் மூத்த பிள்ளை சின்னதுக்குச் சொல்லித்தரலாம். அல்லது, அந்த இடத்தில் நல்ல டியூஷன் அக்கா ஒருவர்தான் சரியான விடை.

இந்த வருடம்

டைரியில் இப்போது இப்படி இருக்கிறது. பெண் பத்தாவது போகிறாள். பொதுத்தேர்வு வருடம் என்பதால் என் கொள்கையெல்லாம் கொஞ்சம் வளைந்துவிட்டது. கணக்குக்கு மட்டும் டியூஷன், காலையில் ஒரு மணி நேரம். ஆனால் பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பிக்கும் முன் ஒன்பதாவது இயற்கணிதத்தை முடித்துத் தர வேண்டும் என்று சாரிடம் கேட்டேன். “யாரும் அப்படிக் கேக்கமாட்டாங்களேம்மா” என்றார், ஒத்துக்கொண்டார். மீதி நாள் அவள் இஷ்டம். நீச்சலுக்கு மறுபடி போகணுமாம்.

பையன் ஏழாவது. ஏப்ரல் கடைசியில் அண்ணா விளையாட்டரங்கத்தில் நீச்சல், அதுவும் அக்கா துணையோடு. மே நடுவில் துறையூர். கூடவே ஒரு ரெட்டைக்கோடு நோட்டு: தினமும் கடைக் கணக்கை அதில் எழுதவேண்டும், சரக்கின் பெயர் பிழையில்லாமல். நேற்று இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். “அதெல்லாம் எழுதட்டும். மொதல்ல அவனை ஒரு வாரம் முன்னாடியே அனுப்பு, கல்யாண முகூர்த்தமா வருது, கடையில ஆள் இல்ல” என்றார்.